வெயிலுக்குப் பழக்குதல்

மார்ச் 2

அன்புள்ள மருமகளுக்கு,

முதலில் இந்தக் கையெழுத்துக்காக மன்னிக்க வேண்டும். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். ஆனால் எழுத்துகள் கோட்டின் மேல் நிற்க மாட்டேன் என்கின்றன. கிடங்கில் மூட்டை தூக்கிய கை இது. அழுத்திப் பிடித்தால் தாள் கிழிகிறது. விட்டுப் பிடித்தால் மை இறங்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது என்று நீ சொல்வாய். அந்த இடத்தைத் தேடிக்கொண்டே எழுதியதில் இந்தப் பக்கத்துக்கு நேற்றுப் பூராவும் போய்விட்டது.

நீ உன் அக்கா வீட்டில் இருக்கிறாய் என்று தெரியும். உடம்பு எப்படி? போர்வை கீர்வை சரியாக இருக்கிறதா? எனக்கு முழங்கால் வழக்கம் போல. காது மட்டும் முன்னைவிட மோசம். போனில் நீ பேசினால் கொசு பாடுகிற மாதிரி இருக்கும். தாளில் பேசினால் ஒரு வார்த்தைகூடத் தப்பாது. அதனால்தான் எழுதுகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் மிளகாய் நாற்று சாகவில்லை.

நீ கிளம்பிய மறுநாள் காலையில் கீழே குப்பைத் தொட்டிக்குப் போனேன். உன் நாற்றுத் தட்டுகள் கவிழ்ந்து கிடந்தன. டீத்தூளுக்கும் முட்டை ஓட்டுக்கும் நடுவில் பச்சையாகத் தெரிந்ததையெல்லாம் வேர் அறாமல் பொறுக்கினேன். காகிதக் கோப்பைகளில் நட்டு என் அறை ஜன்னலில் வைத்திருக்கிறேன். பாதிக்கு மேல் தலை சாய்ந்துவிட்டது. மீதி நிற்கிறது. தட்டில் செருகி மிளகாய்ப் பெயர் எழுதியிருந்தாயே, அந்த அட்டைகளையும் கழுவிக் காயவைத்துவிட்டேன். அந்த அட்டைகளைக் காட்டித்தானே எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாய்! எல்லாரும் அம்மா, ஆடு என்று ஆரம்பிப்பார்கள். நான் குண்டு, நீளம், சுருக்கு என்று மிளகாயில் ஆரம்பித்தவன். என் படிப்பு அதனால்தான் கொஞ்சம் காரமாக இருக்கிறது.

ஜன்னலில் திரை போட்டு மறைத்திருக்கிறேன். வீட்டில் இருப்பது நானும் என் மகனும்தான். அவனுக்குத் தெரியாது.

மேலே என்ன செய்ய வேண்டும் என்று எழுது. பெரிய எழுத்தாக எழுது.

உன் அக்காவை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
எழுதத் தெரிந்துவிட்ட உன் மாமனார்


மார்ச் 14

மாமாவுக்கு,

வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். அக்காவும் உங்களைக் கேட்டாள். யாரோ பள்ளிக்கூடத்துப் பிள்ளை முகவரி மாற்றி எழுதிவிட்டது என்று நினைத்து உறையைத் தபால்காரரிடமே திருப்பித் தரப் பார்த்தாள். நல்ல வேளை, நான் பக்கத்தில் இருந்தேன்.

நாற்று பிழைத்தது என்ற வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

கோப்பைகளின் அடியில் ஓட்டை போடுங்கள். மேல்மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர். பாசம் காட்டுகிறேன் என்று தினமும் ஊற்றினால் வேர் அழுகிவிடும். ஒரு பக்கமாகச் சாய்ந்தால் கோப்பையைத் திருப்பி வையுங்கள். இரவில் ஜன்னல் கண்ணாடி குளிரும். இலை அதைத் தொடாமல் நடுவில் ஒரு அட்டையை நிறுத்துங்கள்.

திரை வேண்டாம். வெளிச்சம் கிடைக்காத நாற்று நெட்டையாக ஓடி மெலிந்துபோகும். மறைத்து வளர்க்க முடியாது.

முழங்காலுக்குத் தைலம் தடவுங்கள். மருந்துக்கடையில் நான் சொன்ன பச்சை மூடி போட்டது.

அன்புடன்.


மார்ச் 23

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதத்தை நானே உறை கிழித்து, நானே படித்தேன். யாரையும் கேட்கவில்லை. 'நெட்டையாக' என்ற இடத்தில் கொஞ்சம் நின்றேன். அப்புறம் ஓடிவிட்டது. கடைசியில் 'உங்கள் மருமகள்' என்று போட இடம் போதவில்லை போலிருக்கிறது. அடுத்த தடவை கொஞ்சம் நெருக்கி எழுது.

நான் சுகம். நீயும் உன் அக்காவும் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்போதெல்லாம் நான் எதையும் விடுவதில்லை. சோப்பு உறை, மாத்திரை அட்டை, மின்கம்பத்தில் ஒட்டிய மூல வைத்திய நோட்டீஸ். எனக்கு அந்த நோய் இல்லை. இருந்தாலும் முழுதும் படித்தேன். பின்னால் நின்றவர், "உங்களுக்கா தாத்தா?" என்று கேட்டார். "இல்லப்பா, படிப்பு!" என்றேன்.

நாற்றுகள் மெலிந்துதான் இருந்தன. நீ சொன்ன பிறகு அவன் வேலைக்குப் போனதும் திரையை விலக்கிவிடுகிறேன். அவன் வருகிற நேரத்துக்கு இழுத்து விடுகிறேன். அவன் ராத்திரிச் சாப்பாட்டை வெளியிலேயே முடித்துக்கொள்கிறான். அதனால் அவகாசம் இருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். தோட்டச் சங்கத்துச் செயலாளர் வந்தார். கழுத்தில் விசில் தொங்குமே, அவர்தான்.

"உங்க மருமக பேர்ல இருக்கிற துண்டு நிலம் சும்மா கெடக்கு. மே மாசம் மூணாவது ஞாயித்துக்கிழமை பார்வையிடுவோம். அன்னைக்கு நட்டிருக்கணும். பேருக்கு உரியவங்க நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். இல்லேன்னா வரிசைல நிக்கிற அடுத்த ஆளுக்குப் போயிடும்."

"நட்டுடலாம் சார்."

"அவங்க வந்துடுவாங்கல்ல?"

இதைக் கேட்காத காதுப் பக்கம் நின்று கேட்டார் என்று வைத்துக்கொண்டு, "ஆமா சார், இந்த வருஷம் குளிர் ஜாஸ்திதான்" என்று சொல்லிவிட்டேன்.

நாற்றில் இரண்டு இலைக்கு மேல் புதிது வந்துவிட்டது. சுருக்குதான் சோம்பேறி. குண்டு துடியாக இருக்கிறது.

உன் மாமனார்


ஏப்ரல் 4

மாமாவுக்கு,

வணக்கம். நலமாக இருக்கிறேன். இங்கே ஒரு தையல் கடையில் பொத்தான் கட்டும் வேலை கிடைத்திருக்கிறது. தற்காலிகம்தான்.

அந்த நிலத்துக்காக இரண்டு வருஷம் வரிசையில் காத்திருந்தேன். அது கையில் வந்த பிறகுதான் மருந்துக்கடை வேலையை விட்டேன். இரண்டு ஹோட்டல் சமையல்காரர்கள் காய் எடுத்துக்கொள்கிறோம் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரிந்திருக்க வேண்டியவருக்குத்தான் பிறகு சொன்னேன்.

நாற்று இப்போது பெரிய வேலைக்கு வந்துவிட்டது. அறைக்குள் வளர்ந்ததை அப்படியே கொண்டுபோய் வெளியில் நட்டால் இரண்டே நாளில் கருகிவிடும். வெயிலையும் காற்றையும் பழக்க வேண்டும். முதலில் மாடியில் நிழலில் கொஞ்ச நேரம். அப்புறம் இளவெயில். அப்புறம் நல்ல வெயில். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போக வேண்டும். சாயங்காலம் கட்டாயம் உள்ளே எடுத்து வந்துவிட வேண்டும். ஒரு நாள் விட்டாலும் பட்ட பாடு வீண்.

மாடிக்கு எத்தனை படி என்று எனக்குத் தெரியும். உங்கள் முழங்காலையும் தெரியும். நீங்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு ஏறவே கூடாது. தூக்க ஆள் இல்லையென்றால் விட்டுவிடுங்கள் மாமா. செயலாளரிடம் நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லி நானே எழுதிவிடுகிறேன். இன்னொருத்தராவது நடட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.


ஏப்ரல் 11

அன்புள்ள மருமகளுக்கு,

செயலாளருக்கு எழுதாதே! எழுதியிருந்தால் உடனே இன்னொன்று எழுதி அதை ரத்து செய்.

தூக்க ஆள் கிடைத்துவிட்டது. யார் என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். உன் புருஷன்தான்.

போன வாரம் திரையை விலக்கிப் பார்த்துவிட்டான். குனிந்து ஒரு இலையைத் தொட்டான். "பொழச்சிடுச்சா?" என்று கேட்டான். அவ்வளவுதான். மறுநாள் நான் எழுந்து பார்த்தால் ஜன்னல் காலி. பதறிக்கொண்டு மாடிக்குப் போனால், கோப்பைகளைச் சுவரோரமாக வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறான். கடையில் பெரிய கண்ணாடியைத் தூக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வானே, அதே மாதிரிதான் தட்டைத் தூக்குகிறான். ஒரு கோப்பை சாயவில்லை. தினமும் காலையில் வேலைக்குப் போகும் முன் வெயிலில் வைத்துவிட்டுத்தான் கிளம்புகிறான். சாயங்காலம் சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் அதை இறக்கிவிடுகிறான். நான் கீழே நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறேன்.

நேற்று நீளத்தைப் பார்த்து, "இது அவ அக்கா மாதிரி ஒசரமா வருதுப்பா" என்றான். நான் சிரித்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தை ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். கை தானாக ஓடுகிறது. உன் மாணவன் தேறிவிட்டான்.

நான் சுகம். நீ சுகமா என்பதை இந்தத் தடவை ஒரு வரி கூடுதலாக எழுது.

உன் மாமனார்


ஏப்ரல் 20

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். ஒரு வரி கூடுதலாகக் கேட்டிருந்தீர்கள். இந்தத் தடவை நிறையவே எழுதப்போகிறேன். மெதுவாகப் படியுங்கள்.

நான் ஏன் கிளம்பி வந்தேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை. கேட்காததால்தான் உங்களுக்குப் பதில் எழுத முடிந்தது. அன்றைக்கு நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். வேலையை விட்டதை அவரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பது என் பிழைதான். அதற்குச் சண்டை போட்டார். படுக்கையறை முழுதும் தட்டும் விளக்கும், கால் வைக்க இடமில்லை என்றார். அதுவும் உண்மைதான். கோபத்தில் ஒரு தட்டைத் தூக்கி எறிந்திருந்தால் நானும் நாலு வார்த்தை கத்திவிட்டு மறந்திருப்பேன். அவர் எறியவில்லை. ஒவ்வொரு தட்டாக எடுத்து, கண்ணாடி தூக்குகிற மாதிரி நிதானமாகக் கீழே கொண்டுபோனார். கை இரண்டிலும் தட்டு இருந்ததால் கதவைப் பிடிக்கச் சொன்னார். நானும் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசித் தட்டு போகிற வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றேன் மாமா. அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

அதே கை அதே மாதிரி தூக்கிக்கொண்டு மேலே ஏறுகிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத் தையல் கடையில் அழுதுவிட்டேன். முதலாளியம்மா ஊசி குத்திவிட்டது என்று நினைத்து விரலைத் தேடினாள்.

மே மாத ஆரம்பத்தில் வந்துவிடலாம் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். செயலாளர் சொன்ன நாளுக்கு முன்னாலேயே. அவருக்கு இப்போது சொல்ல வேண்டாம். நானே வந்து சொல்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம் மட்டும். பக்கத்துக் கட்டிடம் மறைப்பதால் நம் மாடியில் பத்து மணிக்கு மேல்தான் வெயில் விழும். அவர் ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவார். பிறகு யார் வெயிலில் வைக்கிறார்கள்? அவருக்கு வேலை நேரம் மாறியிருக்கிறதா? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். வந்ததும் டிக்கெட் எடுத்துவிடுகிறேன்.

முழங்காலைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 27

அன்புள்ள மருமகளுக்கு,

கடிதம் கிடைத்தது. கடைசியில் 'உங்கள் மருமகள்' என்று இருந்ததைப் பார்த்தேன். அந்த இடத்தைத் தடவிப் பார்த்தேன்.

இங்கே எல்லாரும் சுகம். நாற்றில் இலைக்கு அடியில் சின்னதாகப் பச்சைப் பூச்சி வந்தது. சோப்புத் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டேன். இப்போது இல்லை. சுருக்குகூட விழித்துக்கொண்டது. நிலத்தில் நமக்குப் பக்கத்துத் துண்டுக்காரர் முள்ளங்கி போட்டிருக்கிறார். நல்ல மனிதர். எங்கே பார்த்தாலும் முள்ளங்கியைப் பற்றியே பேசுகிறார். எனக்குக் காது கேட்காததில் இப்படி ஒரு வசதி.

போன வருஷத்து வற்றல் ஒன்று உன் டப்பாவில் இருந்தது. நுனியை மட்டும் கடித்துப் பார்த்தேன். கொஞ்ச நேரத்துக்கு எனக்குக் காது கேட்ட மாதிரி இருந்தது.

செயலாளர் விசிலை ஊதிக்கொண்டு போகிறார். வேறு விசேஷம் இல்லை.

உன் மாமனார்


மே 3

மாமாவுக்கு,

உடம்பு நலம்தானே?

நான் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை.


மே 7

அன்புள்ள மருமகளுக்கு,

இந்தக் கடிதத்தைப் பலமுறை தொடங்கித் தாளைக் கிழித்துப் போட்டேன். இந்தத் தடவை பேனா அழுத்தியதால் அல்ல.

டிக்கெட் எடுக்காதே.

நாற்றைத் தூக்கியது அவன் இல்லை. அவனுக்கு நாற்று உயிரோடு இருப்பதே தெரியாது. திரையை விலக்கினான், இலையைத் தொட்டான், உன் அக்கா மாதிரி உயரம் என்று சொன்னான் என்று எழுதியதெல்லாம் நான் உட்கார்ந்த இடத்தில் உண்டாக்கியது. நீ நிலத்தைத் திருப்பிக் கொடுக்கப்போகிறாய் என்று படித்ததும் பயந்துபோய் எழுதினேன். எழுத எழுத அது நடந்தது மாதிரியே இருந்தது. எழுதத் தெரியாமல் இத்தனை வருஷம் வாயால் பேசியே காலம் தள்ளியவன் நான். வாயால் பொய் சொன்னால் எதிரில் நிற்கிறவர் முகம் மாறும், உடனே நிறுத்திக்கொள்ளலாம். தாளுக்கு முகம் இல்லை. அன்றைக்கு மட்டும் கை தானாக ஓடியதே, எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

தட்டைத் தூக்குவது நான்தான். ஒரு படியில் தட்டை வைப்பேன். பிறகு நான் ஏறுவேன். பிறகு அடுத்த படியில் தட்டை வைப்பேன். பத்து மணிக்கு வெயில் வரும்போது நானும் போய்ச் சேர்ந்திருப்பேன். முதல் நாள் நிழலில் வைக்காமல் நேராக வெயிலில் வைத்துவிட்டு, களைப்பில் அங்கேயே தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் இலைகள் வெள்ளைத் தாளாக வெளுத்திருந்தன. கொஞ்சம் செத்துப்போயிற்று. அதையும் எழுதவில்லை. மீதி நன்றாகப் பழகிவிட்டது. இது உண்மை.

உனக்கு எழுதும் முன் அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. நேற்று அவன் செருப்பைக் கழற்றும்போதே சொன்னேன்.

"எம் பேர்ல பொய் எழுதினியா?"

"ஆமாடா."

"அவ நம்பிட்டாளா?"

"நம்பிட்டா. வரேன்னு எழுதியிருக்கா."

ஒரு செருப்போடு உள்ளே வந்தான். அப்புறம் குரலை உயர்த்தினான். எனக்கு நன்றாகவே கேட்டது.

"அப்ப விட்டுடேன்! எதுக்கு இப்ப போய் உண்மைய எழுதற? அவ வந்துடுவால்ல?"

"வந்துடுவா. மறுநாள் காலைல தட்டை யார் தூக்கறான்னு பாப்பா."

"நானே தூக்கறேன்."

"எனக்குப் பயந்து தூக்குவ. எத்தனை நாளைக்கு?"

"சரி. நான் இப்ப வருத்தப்படறேன்னு எழுது. அது உண்மைதானே? எழுது."

"பள்ளிக்கூடம் போனவன் நீ. உன் வருத்தத்தை நீ எழுது. நான் என்னோடதை எழுதவே விடியற வரைக்கும் உட்கார வேண்டியிருக்கு."

என் அறைக்குள் வந்து ஜன்னலைப் பார்த்தான். "இந்தப் பச்சை வாசனைய இத்தனை நாளா உன் தைலம்னு நெனச்சேன்" என்றான். அவ்வளவுதான் நடந்தது. இதற்கு மேல் ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கவில்லை.

நீ கோபப்படு. எனக்கு எழுதாமல்கூட இரு. ஆனால் நிலம் உன்னுடையது. பதினெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பார்வையிடுகிறார்கள். நீ கையெழுத்துப் போடாவிட்டால் அது போய்விடும்.

உன் மாமனார்


மே 13

அன்புள்ள மருமகளுக்கு,

தபால்காரரைத் தினமும் வாசலில் நின்று பார்க்கிறேன். அவர் தூரத்திலிருந்தே கையை விரித்துவிடுகிறார்.

நீ சுகமாக இருப்பாய் என்று நானாக வைத்துக்கொண்டேன்.

இனிமேல் மிளகாயைப் பற்றி மட்டும்தான் எழுதுவேன். நேற்று நிலத்தில் நட்டேன். குண்டு இரண்டு வரிசை, நீளம் ஒரு வரிசை, சுருக்கு அரை வரிசை. கோப்பையைக் கிழித்து, மண் உதிராமல், நீ சொன்ன ஆழத்துக்கு. நட்ட பிறகு எல்லாம் தலையைத் தொங்கப் போட்டன. சாயங்காலம் நிமிர்ந்துகொண்டன.

நம் குளிர் ஊரில் மே மாதத்திலும் தப்பாத கடைசி உறைபனி இந்த வாரம் ஒரு இரவு விழும் என்று முள்ளங்கிக்காரர் சொல்கிறார். அவர் பழைய சாக்குகளை எடுத்து வைத்திருக்கிறார். விழுந்தால் ஒரே இரவில் எல்லாம் கறுத்துவிடும் என்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அப்படி ஆகிவிட்டால் செயலாளருக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன் மாமனார்


மே 20

மாமாவுக்கு,

வணக்கம். இரவே வந்து சேர்ந்துவிட்டேன். பஸ்ஸில் நன்றாகத் தூங்கினேன்.

தோட்டத்தில் உங்களிடம் எதுவும் பேசாமல் வந்ததற்கு எழுதுகிறேன். உங்களோடு ரகசியம் பேசினால் முள்ளங்கிக்காரர் வரைக்கும் கேட்கும். "நல்லா இருக்கீங்களா?" என்று நான் கேட்டதற்கே செயலாளர் திரும்பிப் பார்த்து, "இருக்கேம்மா" என்று பதில் சொன்னார்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது. டிக்கெட்டுக்குப் பணம் எடுத்துவைத்துவிட்டு உங்கள் கடிதத்தைப் படித்தேன். அதன் பிறகு நாலைந்து நாள் அக்காவோடுகூடப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தது நிலத்துக்காக மட்டும்தான். கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட வேண்டும் என்றுதான் வந்தேன்.

ஏன் ஏறவில்லை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். மற்றவர்களுடைய பயிரெல்லாம் பனியில் கறுத்துச் சாக்குக்கு அடியில் துவண்டு கிடந்தது. நம்முடைய மூன்றரை வரிசையும் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றது. சுற்றிவந்து பார்த்தேன். விளிம்பெல்லாம் விரலை ஓட்டினேன். ஒரு இடத்தில்கூடக் கீறவில்லை. கடையில் விற்கிற பெட்டிக்கு யாரும் உள்விளிம்பைத் தேய்க்க மாட்டார்கள். மூடியின் கைப்பிடி உங்கள் இடுப்பு உயரத்தில் இருக்கிறது, முழங்காலை மடக்காமல் திறக்கிற மாதிரி. பகலில் சூடு போக மூடியைத் தாங்க ஒரு குச்சிகூட இருக்கிறது. வெறுமனே கண்ணாடி வெட்டத் தெரிந்தவருக்கு அது தோன்றாது. யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு செய்தது.

நீங்கள் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அவர் அன்றைக்குத் தோட்டத்துக்கு வராதது நல்லதாகப் போயிற்று. வந்து பக்கத்தில் நின்றிருந்தால் பெட்டியை நான் அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டேன்.

அவருக்குத் தனியாக ஒரு கடிதம் இதே தபாலில் போட்டிருக்கிறேன். அது உங்களுக்கு அல்ல. எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆசையில் அதை எடுத்துவிடாதீர்கள்.

உங்கள் முழங்காலுக்கு இனி படி வேலை இல்லை என்பதில் எனக்கு நிம்மதி.

உங்கள் மருமகள்


மே 27

அன்புள்ள மருமகளுக்கு,

நீ சுகம் என்று படித்து நானும் சுகமானேன்.

பெட்டியைப் பற்றி எழுதாதது என் கெட்டிக்காரத்தனம் இல்லை. எழுத எனக்குக் கை துறுதுறுவென்றுதான் இருந்தது. அந்தப் பனி விழுந்த ராத்திரிக்கு முந்தின நாள் கடை வண்டியில் கண்ணாடியைக் கொண்டுவந்து இறக்கினான். முள்ளங்கிக்காரர்தான் குச்சி வேண்டும், காற்றுப் போக வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். ஒரு மனிதர் வேறொரு காய்கறியைப் பற்றிப் பேசி அன்றைக்குத்தான் பார்த்தேன். பொருத்தி முடித்ததும் இவன் என் பக்கம் திரும்பினான்.

"அவளுக்கு எழுதாதே."

"ஏன்டா? இது நெஜமாச்சே."

"நீ எழுதினா பொய்யாயிடும்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் சரியாகத்தான் சொன்னான். அதனால் அன்றைக்கு உனக்கு எழுதிய கடிதத்தில் பனியை எழுதினேன், சாக்கை எழுதினேன், கண்ணாடியை விட்டுவிட்டேன். தெரிந்த எழுத்தை எழுதாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

உன் இரண்டு உறையும் நேற்றுச் சேர்ந்தே வந்தன. அவனுடையதை அவன் வரும்வரைக்கும் தண்ணீர்ச் செம்புக்கு அடியில் வைத்திருந்தேன். வந்தான். நின்றபடியே படித்தான். அப்புறம் உட்கார்ந்து படித்தான். படித்துவிட்டு அதை மேஜையில் அப்படியே திறந்து போட்டுவிட்டுப் பின்பக்கம் போய்விட்டான். குழாய் ஓடுகிற சத்தம் வந்தது. எனக்கே கேட்டது என்றால் எவ்வளவு திறந்துவிட்டிருப்பான் பார்.

நான் மேஜைக்கு நேர் எதிரில் இருந்தேன். பெரிய எழுத்தாக வேறு எழுதியிருக்கிறாய். சோப்பு உறையைக்கூட விடாதவன் நான். எழுந்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையால் தடவி அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தேன். ஒரு எழுத்துகூடப் பார்க்கவில்லை. படிக்கத் தெரிந்த பிறகு நான் படிக்காமல் விட்ட முதல் தாள் அதுதான். அப்போது எனக்குப் படிப்பு இன்னும் கொஞ்சம் வந்துவிட்ட மாதிரி இருந்தது.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான். "அவ ஊருக்குக் காலைல முதல் பஸ் எப்ப?" என்று கேட்டான். சொன்னேன்.

"ஏதாவது வாங்கிட்டுப் போகட்டுமாப்பா?"

"கையை வீசிட்டுப் போ."

"அவ என்ன சொல்லுவா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? அது உன் கடுதாசி."

இன்று விடியும்போது கிளம்பிவிட்டான். இதை எழுதி முடித்து நான் தபாலில் போட்டு, அது உன் கையில் வந்து சேருவதற்குள் அவன் உன் அக்கா வீட்டு வாசலில் நின்றிருப்பான். நீ அவனை உட்காரச் சொன்னாயா, திருப்பி அனுப்பினாயா என்று எனக்குத் தெரியாது. இதைப் படிக்கும்போது உனக்குத் தெரியும். இரண்டில் எது நடந்திருந்தாலும் நிலம் உன் பெயரில்தான் இருக்கிறது. பகலில் மூடியைத் தூக்கி வைக்கிறேன், பொழுது சாய்ந்தால் இறக்கிவிடுகிறேன். குண்டில் இரண்டு செடி மொட்டு வைத்திருக்கிறது. முதல் மொட்டைக் கிள்ளிவிட வேண்டும் என்று முள்ளங்கிக்காரர் சொல்கிறார். நீ சொல்லாமல் கிள்ள மாட்டேன். என்ன செய்யட்டும் என்று எழுது.

உன் அக்காவுக்கு என் வணக்கம். வீட்டில் ஒரு ஆள் குறைந்த சத்தம்கூட எனக்குக் கேட்கிறது. அடுத்த வாரம் மறுபடியும் எழுதுகிறேன்.

உன் மாமனார்